சிங்கம் இல்லாத புனிதர்

மாற்கு ஆண்டு, ஹிதார் மாதம் 7

தோல் சரியில்லை. ஆட்டை உரித்தவன் கத்தி போன இடமெல்லாம் ஓட்டை. ஓட்டையைச் சுற்றிச் சுற்றித்தான் எழுத வேண்டும். நாளைக்குப் படிக்கிறவன் அந்த இடத்தில் தடுமாறுவான். உரித்தவனை ஒருவரும் திட்டப் போவதில்லை, எழுதியவனைத்தான் திட்டுவார்கள்.

நறுக்கித் தள்ளுகிற ஓரத் துண்டுகளை நான் வைத்துக்கொள்கிறேன் என்று மடத்தில் சொல்லியிருந்தேன். எதற்கு என்றார்கள். நாணலைத் தீட்டிக் கோடு இழுத்துப் பார்க்க என்றேன். பொய். இப்படி எழுதத்தான். தாவீதின் புலம்பலைப் பிரதி எடுத்தே தலை நரைத்துவிட்டது. என் புலம்பலுக்கு ஒரு சாண் தோல் கிடைக்கக் கூடாதா?

ஹிதார் 12, மிக்காயேல் நாள்

பூசை முடிந்ததும் மடாதிபதி கூப்பிட்டனுப்பினார். துறவிகள் சுற்றி நிற்கும்போது, படிப்புப் பட்டம் சேர்த்து, "வாங்க தெப்தெரா ஹெஸ்கியாஸ், வீட்ல எல்லாரும் சுகமா?" கதவைச் சாத்தியதும், "உக்காருடா."

இன்றைக்கு அவன் அபா எந்திரியாஸ், தெப்ர ஸோலா மடத்தின் தலைவன். அன்றைக்கு நானும் அவனும் ஒரே ஆசிரியரிடம் செய்யுள் கற்றவர்கள். வீடு வீடாக ரொட்டி கேட்டுப் போவோம். நாய் கடித்தது என்னை. பெரிய துண்டு அவனுக்கு. அரசர் வந்திருந்த திருவிழாவில் எழுந்து நின்று அவன் பாடினானே ஒரு செய்யுள், அது என்னுடையது. அதைப் பாடித்தான் அவன் மேலே போனான். இத்தனை வருடம் கழித்தும் அதன் கடைசி அடியைத் தப்பாகத்தான் சொல்கிறான்.

"நம்ம அபா ஃபில்மோனோட சரிதையை எழுதணும்டா," என்றான். "ஏரி மடத்துக்காரங்க அவங்க புனிதருக்கு எழுதி, கோயில் பேழைக்கு முன்னாடி வெச்சுப் படிக்கிறாங்க. இந்த மடத்தை உண்டாக்கினவருக்கு ஒரு வரி கிடையாது. யாருன்னு எவனாவது கேட்டா எதைக் காட்டறது? அவர் உக்காந்த பாறையையா?"

"இவ்வளவு நாளா தோணாதது இன்னைக்கு ஏன் தோணுது?"

"கின்போத் மாசம் அவர் திருநாளைக்கு அரசரோட நீதிபதி வர்றாரு. புத்தகம் படிக்கிறதைக் கேட்டுட்டு, கீழ்ப்பள்ளம் யாருதுன்னு தீர்ப்பு சொல்லுவாரு."

கீழ்ப்பள்ளம் என்றால் ஷெக்லாமேடா. குயவர் ஊர். என் மனைவி ஹிருத் பிறந்த ஊர்.

அது அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் என்னைக் கூப்பிட்டானா, வேறு ஆள் இல்லாமல் கூப்பிட்டானா? "உன்னை மாதிரி எழுத இந்த மலையில வேற யாருடா இருக்கா?" என்றான். பாடசாலையில் ஆசிரியர் ஆசனம் காலியானபோது இதைச் சொல்லியிருக்கலாம். குயவர் வீட்டில் பெண் எடுத்தவன் உட்கார்ந்தால் மாணவர்களுக்குக் கண்ணேறு பட்டுவிடும் என்று அப்போது சொன்னார்கள். அதே குயவர்கள் சுட்ட பானையிலிருந்து கள்ளை மொண்டு குடித்துக்கொண்டே சொன்னார்கள்.

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அபா ஃபில்மோனைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. யாரும் தொட்டுக் கெடுக்காத விஷயம். அந்த ஆசைதான்.

ஹிதார் 20

மடத்துக் கிழவர் அபா நோபிடம் போனேன். கண் இரண்டும் போய்விட்டது. வெயிலில் சுவர் ஓரமாக உட்கார்ந்து ஊறிய வாற்கோதுமையை ஈறால் அரைத்துக்கொண்டிருந்தார். இவருடைய குரு, அபா ஃபில்மோனுக்குத் தண்ணீர் சுமந்த சீடர். இதைவிடக் கிட்டத்தில் போகக்கூடிய ஆள் இப்போது உயிரோடு இல்லை.

"எப்படி இருப்பாராம்?" என்றேன்.

"பல்வலி," என்றார். "எப்பவும் பல்வலியாம். தாடையில துணியைக் கட்டிக்கிட்டே இருப்பாராம். யார் பேசினாலும் எரிஞ்சு விழுவாராம்."

"எங்கேயிருந்து வந்தார்?"

"கேட்டவனை அடிச்சிருக்காரு. அப்புறம் யாரும் கேக்கலை."

"பள்ளத்துல அப்ப ஆள் இருந்தாங்களா?"

"இல்லாம? சூளைப் புகை மேல வருதுன்னு இவர் பாறையில நின்னு திட்டுவாரு. அவங்க கீழ நின்னு திட்டுவாங்க. கொஞ்ச நாள் கல்லால அடிச்சுப் பாத்தாங்க. அப்புறம் ரெண்டு பக்கமும் சலிச்சுப் போச்சு."

"அற்புதம் ஏதாவது?"

கிழவர் வாயிலிருந்ததை விழுங்கினார். "ஒரு நோன்பு முழுக்க வாயைத் திறக்காம இருந்தாராம். எங்க குரு அதைத்தான் அற்புதம்னு சொல்லுவாரு."

சிரித்துக்கொண்டே திரும்பி வந்தேன். கடைசியாக எப்போது சிரித்தேன் என்று நினைவில்லை.

தஹ்ஸாஸ் 2

எழுதத் தொடங்கினேன். எழுதுகிற நேரத்தில் ஒருவர் மேலும் கோபம் வரவில்லை. எனக்கே இது புதிது.

திர் 15

கொடுத்துவிட்டு வந்த பிரதி மூன்று நாளில் திரும்பி வந்தது. பிரதியோடு எந்திரியாஸும் வந்தான், என் வீட்டுக்கே. குயவச்சி வீட்டு வாசற்படியை மிதிக்க இன்றைக்குக் கண்ணேறு பயமில்லை போலிருக்கிறது.

"சிங்கம் எங்கடா?"

"என்ன சிங்கம்?"

"புனிதர்னா ஒரு சிங்கம் வரணும். அவர் மேல பாய வரும், காலை நக்கும், அப்புறம் மூட்டை சுமக்கும். அது எங்க?"

"இல்லை. பல்வலிதான் இருந்தது."

"புனிதருக்குப் பல்வலியா! இதை ஜனங்க முன்னாடி நின்னு படிக்கணும்டா, படிக்கிறவன் மூஞ்சியை நினைச்சுப் பாத்தியா?" தோலைப் புரட்டினான். "பிறந்த மூணாம் நாள் எழுந்து நின்னு திரித்துவத்தைத் துதிச்சாரா?"

"அவர் எந்த ஊர்ல பிறந்தாருன்னே யாருக்கும் தெரியாது."

"அப்ப நல்லதாப் போச்சு! யாரு இல்லைன்னு சொல்லப் போறா? புதனும் வெள்ளியும் நோன்புன்னு தாய்ப்பால் குடிக்க மாட்டேன்னுட்டாருன்னும் சேத்துக்க. அப்பா அம்மாவுக்கு ரொம்ப நாள் குழந்தையில்லை. பேரு ஏதாவது நல்ல பேரா வை."

ஹிருத் உள்ளேயிருந்து, "மடாதிபதிக்கு உக்கார ஏதாவது போடட்டுமா, இல்ல சிங்கத்து மேலயே உக்காந்துக்குவாரா?" என்றாள். அவன் காதில் விழாத மாதிரி எழுந்து போனான்.

என் தோல் வாசலில் கிடக்கிறது. குனிந்து எடுக்கக்கூட மனசில்லை.

திர் 17

எந்திரியாஸ் மாதிரிக்கு என்று ஏரி மடத்துப் புத்தகத்தை இரவல் வாங்கி அனுப்பியிருக்கிறான். லூகாஸ் என்கிறவன் எழுதியது. கையெழுத்து அழகுதான், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சிங்கம்! எகிப்துத் தந்தையர் சரிதையில் வருகிற அதே சிங்கம், அதே வாக்கியங்கள், நகம் உட்பட. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறான். அதிலும் அவசரம், ஓரிடத்தில் புனிதர் ஒட்டகத்தைக் கட்டிப்போட்டுவிட்டு ஆற்றைக் கடக்கிறார். நம் மலையில் ஒட்டகத்தைக் கண்டவன் யார்? அது ஏறுமா?

இதைத்தான் பேழைக்கு முன்னால் வைத்துப் படிக்கிறார்கள். ஒட்டகம் வரும் இடத்திலும் ஆமென் சொல்கிறார்கள்.

ஆள் செத்துப்போனால் போதும். அவன் தாடை, அவன் கோபம், அவன் துணி எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு, செத்துப்போன வேறொருவன் சட்டையை மாட்டிவிடுகிறோம். நம் ஆசிரியரும் இதைத்தான் செய்தார், அவருடைய ஆசிரியரும்.

திர் 24

சிங்கம், தாய்ப்பால் எல்லாம் வெறும் முன்னுரை. உண்மையான விஷயத்தை எந்திரியாஸ் இன்றைக்குத்தான் சொன்னான்.

"அவர் வந்தப்ப பள்ளத்துல மனுஷ வாடையே கிடையாது. பாம்பும் கழுதைப்புலியும்தான். அப்படி எழுது."

"கிழவர் சொன்னது வேற."

"கிழவருக்கு நேத்து சாப்பிட்டது ஞாபகம் இருக்காடா?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "இதைக் கேளு. அரசர் புதுப் படைக்கு இடம் தேடறாரு. புனிதருக்கு முன்னாடியே ஆள் குடியிருந்த ஊர்னா அது அரசர் ஊரு. படையைக் கொண்டுவந்து இறக்கிடுவாங்க. தானியம், கோழி, பொண்ணு, எதுவும் மிஞ்சாது. காலி நிலம், புனிதர் முதல்ல மிதிச்ச நிலம்னா அது மடத்தோடது. படை வராது."

"அப்படின்னா குயவங்க?"

"காலி நிலத்துல பின்னால வந்து குந்தினவங்க. போகணும். மண்ணைத் தோண்டித் தோண்டி எல்லாத்தையும் குழியாக்கி வெச்சிருக்காங்க. மட்டம் பண்ணினா தெஃப் தானியம் நல்லா விளையும்."

ஆக, உண்மையை எழுதினால் சிப்பாய் வந்து தின்பான். பொய்யை எழுதினால் எந்திரியாஸ் உழுவான். எப்படி எழுதினாலும் என் மனைவியின் அண்ணன் வீட்டுக் கூரை இறங்கும். என்ன ஒரு சரிதை!

திர் 25

ஹிருத்திடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் அப்படியே எழுந்து போய் அண்ணன் வொர்குவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கையில் ஈர மண்ணோடேயே வந்தான்.

"என்ன மாப்பிள்ளை, நாங்க இருந்தமா இல்லையான்னு இனிமே உங்க புத்தகத்தைப் பாத்துதான் தெரிஞ்சுக்கணுமாமே?"

"நான் எழுதலை. அவன் எழுதச் சொல்றான்."

"எங்க தாத்தா அந்தக் குழியில மண்ணெடுத்தாரு. அவங்க தாத்தா எடுத்தாரு. குழியைப் பாத்தாலே தெரியாதா எவ்வளவு நாளாத் தோண்டறோம்னு?"

"குழியை நீதிபதி முன்னாடி படிக்க முடியாது வொர்கு."

"அதுக்குத்தான் எங்க வீட்டுப் பொண்ணை உங்களுக்குக் குடுத்தோம். எழுத்துத் தெரிஞ்ச ஆளாச்சேன்னு. இப்ப எழுத்து எங்களையே கடிக்க வருது."

ஹிருத் பட்டாணி உரித்துக்கொண்டே, "எழுதாம இருந்துடுங்க, அவ்வளவுதான்," என்றாள். எளிதாகச் சொல்லிவிட்டாள். நான் ஒரு விஷயத்தை மறுத்துவிட்டேன் என்றால் உலகம் அங்கேயே நின்றுவிடும் என்று இன்னும் நம்புகிறாள். என்னைக் கட்டிக்கொண்டு இத்தனை காலம் ஆன பிறகும்.

யெகாதித் 3

மறுத்துவிட்டேன். எந்திரியாஸ் கோபப்படவில்லை. "சரிடா," என்றான், தோளைத் தட்டினான். அந்தத் தட்டல்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

யெகாதித் 9

ஏரி மடத்து லூகாஸ் விருந்தினர் குடிசையில் வந்து இறங்கியிருக்கிறான். ஒட்டகத்துக்காரன்.

யெகாதித் 11

அவனைப் பார்த்தேன். உருண்டையான ஆள், நல்ல சிரிப்பு. என்னைக் கண்டதும் காலில் விழாத குறை.

"உங்க கையெழுத்தைப் பாத்துத்தான் அண்ணே நான் எழுதப் பழகினேன்," என்றான். "இங்க என்ன வேலைன்னு அபா சொன்னாரு. பெருசா ஒண்ணுமில்லை. பாம்பு, கழுதைப்புலி, காலி நிலம். நோன்பு முடியறதுக்குள்ள குடுத்துடலாம்."

"கீழே ஊர் இருக்கிறதைப் பாத்தீங்களா?"

"வர்ற வழியில பாத்தேன். தண்ணிகூடக் குடுத்தாங்க. நல்ல ஜனங்க." ஒரு நொடி கூடத் தடுமாறவில்லை. "ஆனா அது இப்ப இருக்கிற ஊருதானே அண்ணே. புத்தகம் அப்பத்து விஷயம்."

இவனோடு சண்டை போடவும் முடியாது. தண்ணீர் குடித்த வாயாலேயே அவர்களை இல்லாமல் ஆக்கிவிடுவான், மனசில் ஒரு கீறல் இருக்காது.

நேரே எந்திரியாஸிடம் போனேன். "அவனை அனுப்பு. நானே எழுதறேன்." அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

மெகாபித் 4

பெரிய நோன்பு. பகலெல்லாம் வெறும் வயிறு, பொழுது சாய்ந்ததும் ஆளிவிதை கரைத்த தண்ணீரும் ரொட்டியும். இந்த வயிற்றோடு நான் அற்புதங்கள் எழுதிக்கொண்டிருக்கிறேன். குழந்தையில்லாத பெற்றோர் ஆயிற்று. மூன்றாம் நாள் துதி ஆயிற்று. தாய்ப்பால் மறுத்தாயிற்று, பசியோடு உட்கார்ந்து அதை எழுதும்போது அந்தக் குழந்தையை அறையலாம் போலிருந்தது.

மலை காலியாக இருந்தது என்று எழுதினேன். மலைதான் காலி. பள்ளத்தைப் பற்றி இதுவரை ஒரு சொல் எழுதவில்லை. எவ்வளவு தூரம் இப்படியே ஓட்ட முடியும் என்று தெரியவில்லை.

மெகாபித் 6

சிங்கம் நன்றாக வந்திருக்கிறது. அதுதான் எரிச்சல்.

மெகாபித் 19

இன்றைக்கு உடன்படிக்கைப் பகுதிக்காக நானும் எந்திரியாஸும் உட்கார்ந்தோம். புனிதர் சாகும் நேரத்தில் கிறிஸ்து இறங்கி வந்து வாக்குக் கொடுக்கிற இடம். எந்தச் சரிதைக்கும் இதுதான் உயிர்; ஜனங்கள் தூங்கிக்கொண்டிருந்தாலும் இந்த இடத்தில் விழித்துக்கொள்வார்கள். புனிதர் பெயரைச் சொன்னவனுக்கு, திருநாளுக்கு மாவு கொடுத்தவனுக்கு, புத்தகத்தை எழுதியவனுக்கு, எழுதச் செய்தவனுக்கு இத்தனை தலைமுறை வரை மன்னிப்பு.

"ஏரி மடத்துக்காரங்க எத்தனை போட்டிருக்காங்க?"

"பத்து."

"நம்மது பதினஞ்சு."

"கிறிஸ்து என்ன சந்தையிலயா உக்காந்திருக்காரு?"

"ஜனங்க சந்தையிலதானடா இருக்காங்க. பத்து குடுக்கிற புனிதருக்கு மாவு கொண்டு போவானா, பதினஞ்சு குடுக்கிறவருக்குக் கொண்டு வருவானா?"

பன்னிரண்டுக்கு இழுத்துப் பார்த்தேன். பதினைந்திலேயே நின்றான். அப்புறம் சாபம். இந்தப் புத்தகத்தில் ஒரு சொல்லை அழித்தாலும் மாற்றினாலும் அவன் பன்னிரண்டு அப்போஸ்தலர் வாயாலும் நிசேயாவில் கூடிய முந்நூற்றுப் பதினெட்டுத் தந்தையர் வாயாலும் சபிக்கப்பட்டவன். "அதை நல்லா அழுத்தமாப் போடு," என்றான். "ஏரிக்காரங்க வந்து கை வெச்சிடுவாங்க."

வரும் வழியில், ஷெக்லாமேடா புகையைப் பார்த்துக்கொண்டே இறங்கும்போது, சட்டென்று நின்றுவிட்டேன். இந்தப் பகுதியில் பேசுகிறவர் புனிதர் இல்லை. நான் இல்லை. அபா நோபும் இல்லை. கிறிஸ்துவே. திருநாளன்று பேழைக்கு முன்னால் வாசித்துவிட்டால், அரசரின் நீதிபதியே ஆனாலும் அதற்கு மேல் யாரிடம் போய்க் கேட்பான்?

மெகாபித் 27

எழுதிவிட்டேன்.

ஒரு பெண் வேண்டியிருந்தது. புனிதர் தாகத்தோடு மலையேறுகிறபோது புதுப்பானையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிற குயவப் பெண். கல்லெறிந்தவர்களின் வம்சத்துக்கு இப்படி ஒரு கொள்ளுப்பாட்டி. அடுப்பங்கரையில் உட்கார்ந்தே எழுதினேன். ஹிருத் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"பேர் என்ன வைக்கலாம்?"

"யாருக்கு?"

"உங்க ஊர்ல இல்லாத ஒருத்திக்கு."

"இல்லாதவளுக்கு என்ன பேர் வெச்சா என்ன? ஸெனாய்த்னு வைங்க. அப்படி ஒரு பேரு எங்க பக்கம் எவளுக்கும் கிடையாது. எவளும் சண்டைக்கு வர மாட்டா." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஸெனாய்த் என்றே வைத்தேன். கிறிஸ்து சொல்கிறார்: ஃபில்மோனே, உனக்குத் தண்ணீர் தந்து தங்களையும் உனக்கே தந்த ஸெனாய்த்தின் ஜனங்களுக்கு, சூரியனும் சந்திரனும் உள்ளவரை இந்தப் பள்ளத்தைக் கொடுத்தேன். அவர்கள் உன்னுடையவர்கள். அவர்களைப் பிடுங்குகிறவன் என்னைப் பிடுங்குகிறான்.

புனிதரின் ஆட்கள் என்றால் அரசரின் ஆட்கள் இல்லை, படை வராது. கிறிஸ்து கொடுத்த இடம் என்றால் எந்திரியாஸின் ஏர் வராது. இரண்டு கதவையும் ஒரே வாக்கியத்தில் சாத்தியிருக்கிறேன். பதினைந்து தலைமுறைக்கும் சாபத்துக்கும் நடுவில் வைத்திருக்கிறேன். படிக்கும்போது அவன் விரல் தலைமுறை எண்ணிக்கையில் நிற்கும், அப்புறம் சாபத்துக்குத் தாவும். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் படிப்பான்.

அபா நோபை நினைத்தால்தான் ஒரு மாதிரி இருக்கிறது. லூகாஸைத் திட்டினேனே. நான் ஒட்டகத்தைப் போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மியாஸ்யா 10

கொடுத்தாயிற்று. வாங்கி வைத்துக்கொண்டான். இதுவரை கூப்பிடவில்லை.

மியாஸ்யா 22

இன்னும் கூப்பிடவில்லை. ஹிருத், "சும்மா இருங்க, வாசலையே பாக்காதீங்க," என்கிறாள். வாசலைப் பார்க்கவில்லை, பொழுது எப்போது சாயும் என்று பார்க்கிறேன். பசி.

கின்போத் 8, அபா ஃபில்மோன் திருநாள்

வந்தேன். காலெல்லாம் வலிக்கிறது. ஆனாலும் மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

நீதிபதி குடை நிழலில், எந்திரியாஸ் பக்கத்தில். குயவர்கள் வழக்கம்போல வேலிக்கு வெளியே. வாசகன் நல்ல குரல்காரன். சிங்கம் வந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். பதினைந்து தலைமுறை என்றதும் கூட்டம் முழுக்க ஒரு பெருமூச்சு. ஸெனாய்த் வந்தாள். பானை வந்தது. "சூரியனும் சந்திரனும் உள்ளவரை." நான் எந்திரியாஸ் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், இந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்த மாதிரி. அவன் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

அப்போது வாசகன் இன்னொரு வாக்கியம் படித்தான். "அவர்களும் ஆண்டுதோறும் உன் திருநாளில் புதுப்பானைகளை உன் மடத்துக்குக் கொண்டுவருவார்கள், கொண்டுவராத ஆண்டில் இந்த வாக்கு அவர்களுக்கு இல்லை."

நான் எழுதவில்லை! அந்த வரி என்னுடையது இல்லை. நொண்டுகிற வரி, கேட்டாலே தெரியும்.

ஆமென் என்றார்கள் எல்லோரும். குலவை. நீதிபதி எழுந்து, "அந்தப் பொம்பளையோட ஜனங்க யாராவது இங்க இருக்காங்களா?" என்று கேட்டார். பின்னாலிருந்து யாரோ தள்ள, வொர்கு வேலியைத் தாண்டி உள்ளே வந்து நின்றான். கை இன்னும் மண்ணாகவே இருந்தது. நீதிபதி அந்தக் கையைப் பார்த்தார். "புனிதரோட ஆட்கள். அங்கேயே இருங்க. அங்க படை இறங்காது. எழுதிக்கோ," என்றார் தன் எழுத்தனிடம். இவ்வளவுதான். சாப்பிடக் கிளம்பிவிட்டார்.

கின்போத் 9

எந்திரியாஸிடம் போனேன். கேட்காமல் இருக்க முடியுமா?

"படிக்காம விட்டுடுவேன்னு நினைச்சியாடா?" என்றான். தேன் கள் ஊற்றிக் கொடுத்தான். "ரெண்டு தடவை படிச்சேன். முதல் தடவை உன்னைக் கொல்லணும்னு தோணிச்சு. ரெண்டாம் தடவை யோசிச்சேன். காலி நிலம்னு நான் சொன்னா, யார் பாத்தான்னு நீதிபதி கேப்பாரு. இதைக் கேக்க முடியாது. அதோட ஆளில்லாத நிலத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? துறவியா உழுவான்? உன்னை விடக் கெட்டிக்காரத்தனமா என் பக்கம் யாராலயும் எழுதியிருக்க முடியாதுடா."

என் பக்கம்! நான் அவன் பக்கம் எழுதினேனாம்!

"அந்த வரியை வேற எப்படியாவது எழுதியிருக்கலாம்," என்றேன்.

"நீ இருந்தா திருத்தியிருப்பே. கேட்டா சண்டை போடுவே." கோப்பையை நிரப்பினான். "அந்த அரசர் திருவிழாச் செய்யுள்ல கடைசி அடி என்னடா? நான் தப்பாச் சொல்றேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறியாமே."

சொல்லவில்லை. அது ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினான். எழுதச் செய்தவர் அபா எந்திரியாஸ், சிவப்பு மையில். எழுதிய பாவி என்று கறுப்பு மையில், அதற்கப்புறம் பெயருக்கு விட்ட இடம் காலியாகவே கிடக்கிறது. மறந்துவிட்டானாம். இப்போது எழுதலாம் என்றால் சாபம் தடுக்கிறதாம்.

வீட்டுக்கு வந்தேன். வொர்கு வந்திருந்தான், ஒரு புதுப்பானையோடு. "இது மடத்துக்கு இல்லை," என்றான். வைத்துவிட்டு, "வருஷா வருஷம் பானை சுமக்கணுமாம். சுமந்து தொலைக்கிறோம், வேற என்ன," என்றான். பிறகு, போகும்போது, வாசலில் நின்று, "மாப்பிள்ளை," என்றான். அப்புறம் இறங்கிப் போய்விட்டான்.

ஹம்லே 14

மழை. மை காய மாட்டேன் என்கிறது. ஆளே வெளியில் தலைகாட்ட முடியாத நாளில் ஷெக்லாமேடாவிலிருந்து இரண்டு வீட்டுக்காரர்கள் நனைந்துகொண்டு வந்து என் கூரைக்குள் நின்று சண்டை.

விஷயம் இதுதான். அடுத்த திருநாளில் முதல் பானையை யார் சுமப்பது? ஸெனாய்த்தின் நேர் வாரிசுதான் சுமக்க வேண்டுமாம். ஆற்றோரத்து வீட்டுக்காரன், அவள் தன் கொள்ளுப்பாட்டிக்குப் பாட்டி என்கிறான். அவள் தண்ணீர் கொடுத்த பானையின் ஓடு ஒன்று அவன் வீட்டில் இருக்கிறதாம், கொண்டுவந்தும் காட்டினான். சூளை வீட்டுக்காரி, அந்த ஓடு போன வருஷம் உடைந்த கள்ளுப்பானை என்கிறாள். ஸெனாய்த்தின் இடது கண் கொஞ்சம் சாய்ந்திருக்குமாம், தன் குடும்பத்தில் எல்லோருக்கும் அப்படியேதானாம், பார்த்துக்கோ என்று கண்ணை விரித்துக் காட்டினாள்.

"நீங்கதானே எழுதினீங்க. நீங்க சொல்லுங்க," என்றார்கள்.

புத்தகத்தில் இருக்கிறதுதான் எனக்குத் தெரியும் என்றேன். ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு திட்டிக்கொண்டே மழைக்குள் இறங்கிப் போனார்கள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி ஹிருத்தைப் பார்த்துச் சிரித்தேன். அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேருமே பொய் சொல்றாங்க," என்றாள். "அவ எங்க வழி. எங்க அம்மா சொல்லிக் கேட்டிருக்கேன்."

முகத்தைப் பார்த்தேன். கேலி செய்கிறாளா என்று பார்த்தேன். பட்டாணியைக் கிளறிக்கொண்டு, யாரும் எதிர்க்கப் போவதில்லை என்கிற மாதிரி நிதானமாக உட்கார்ந்திருந்தாள்.

எந்த மகள் வழி என்று கேட்டேன்.

மூத்தவள் வழி என்றாள், கொஞ்சமும் யோசிக்காமல்.